கும்மிடிப்பூண்டித் தூசிக்கு நான் சொன்ன தீர்ப்பு

எங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த வருஷம் வெளிநாடு போய் வந்துவிட்டார்கள். ஒருவர் ஜப்பானில் குச்சியால் சாப்பிட்டார். இன்னொருவர் லண்டனில் குளிக்காமல் இருந்ததை வாரக்கணக்கில் எழுதினார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் எங்கேயாவது போங்களேன்" என்றார். என்னைப் பயணம் அனுப்புவதைவிட வழியனுப்புவதில்தான் அவருக்கு ஆவல் அதிகம் என்று பட்டது. என் வசதிக்கு எட்டிய அயல்நாடு கும்மிடிப்பூண்டி. கொஞ்சம் தாண்டினால் ஆந்திரா. தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.

துணைக்கு மைத்துனன் வரதன் இருந்தான். சரியாகச் சொன்னால் அவனுக்கு நான்தான் துணை. திருவள்ளூரில் என் மாமனார் வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கரியம் செய்கிறவர்கள். வரதன் மட்டும் ரசாயனம் படித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, ஊர் ஊராகக் கூரை ஏறித் தூசி சேகரிக்கிறான். துளசி பறிக்க வேண்டிய பிள்ளை தூசி பிடித்துக்கொண்டு அலைகிறானே என்பது என் மாமியாரின் தீராத வருத்தம்.

தூசி பிடிக்கும் யந்திரம் ஒரு தகரப் பெட்டி. மேலே சாய்வான கூரை. உள்ளே ஒரு மோட்டார். அது காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தாள் வழியாக வெளியே தள்ளும். ஒரு பகலும் ஒரு இரவும் ஓடினால் ஊர்க்காற்றில் மிதப்பதெல்லாம் தாளில் படிந்துவிடும். எங்களைப் பஸ்ஸில் பார்த்த கண்டக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"இன்னா சார் இது, நாய்க் கூண்டா?"

"இல்லை. காற்றைப் பிடிக்கிற பெட்டி."

"காத்துக்கு டிக்கெட் வாங்கினியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தொழில்முறைப் பொறாமை இருந்தாலும் நல்ல வசனத்தை நான் மதிப்பவன். பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கினோம். நாய் இல்லாத நாய்க் கூண்டுக்கு என்ன கட்டணம் என்பதில் சற்று விவாதம் நடந்தது.

பொன்னேரி தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நெல் உமி ஏற்றி வந்த ஒரு லாரியில் இடம் கிடைத்தது. உமி மூட்டைகளின் மேல் பெட்டி, பெட்டியின் மேல் நான். தலை, காது, மூக்கு எங்கும் உமித் தூசி. தும்மித் தும்மி என் நகைச்சுவை உணர்வே வெளியே விழுந்துவிடும் போலிருந்தது.

"இந்தத் தூசியெல்லாம் பெருசு, அத்திம்பேர்" என்றான் வரதன். "மூக்கே தடுத்துடும். தும்மினா போயிடும்."

"உன் யந்திரத்தில் போன மாசம் பிடித்தாயே, அது என்ன ஆச்சு?"

"எடை போட்டாச்சு. பாரிமுனையிலே வெச்ச தாள்தான் கனம். கும்மிடிப்பூண்டித் தாள் அதைவிட ரொம்பக் கம்மி. ஆனா எடை மட்டும்தான் தெரியும். உள்ளே என்னென்ன இருக்குன்னு ஆசிட்டுலே கரைச்சுப் பார்க்கணும். அதுக்கு நாளாகும். அது வரைக்கும் எது மோசம்னு யாரும் சொல்லப்படாது."

நான் 'ம்' கொட்டினேன். உமி அரித்தது. ஆனால் காதில் தெளிவாக விழுந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் யந்திரத்தை வைக்கிற இடம் இளைஞர் மன்றத்தின் மொட்டைமாடி. ஊரில் மின்சாரமும் காங்கிரீட்டும் சேர்ந்து கிடைக்கிற கட்டடங்கள் குறைவு. எதிர்ச்சாரியில் வயல் இருந்த இடமெல்லாம் இப்போது கொட்டகைகள். கம்பி இழுக்கிற கொட்டகை, சாயக் கொட்டகை, பழைய பாட்டரிகளை உடைத்து உருக்குகிற கொட்டகை. நேற்று வரை அந்த வயல்களில் நாற்று நட்டவர்கள்தான் இன்று அதே இடத்தில் ஷிப்டு பார்க்கிறார்கள். வானம் ஒன்றும் கறுப்பாக இல்லை. மண்ணடியில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் இதைவிட இருட்டாக இருக்கும்.

மன்றத்தை ஒட்டினாற்போல் தேசம்மாவின் நாஷ்டா கடை. இட்லியும் வடகறியும். வரதன் வெளியே சாப்பிட மாட்டான். அவன் தயிர்சாதத் தூக்கைத் திறந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். நான் ஆசாரத்தை எல்லாம் அவன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டவன். இட்லித் தட்டை மூடியிருந்த வெள்ளைத் துணியின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். தேசம்மா அதைத் தெருப்பக்கம் திரும்பி ஓர் உதறு உதறிவிட்டு, எனக்கு நாலு இட்லி வைத்தாள். வடகறி அபாரம். மவுண்ட் ரோடு ஓட்டல்காரர்கள் அந்த அம்மாளிடம் வந்து ஒரு மாதம் எடுபிடி வேலை செய்யலாம்.

கடைக்குள் ஒரு ஸ்டூலில் அவள் புருஷன் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். டீ கிளாசை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்து, குனிந்து வாயால் எடுத்துக் குடித்தார். கையை நீட்டினால் மணிக்கட்டிலிருந்து விரல்கள் தொங்கின.

"உருக்குற கொட்டாய்ல இருந்தாரு அய்யரே" என்றாள் தேசம்மா. நான் அய்யங்கார். அதைத் திருத்தப் போனால் வேறு எதையும் பேச நேரமிருக்காது என்பதால் விட்டுவிட்டேன். "வவுத்துல முறுக்கி முறுக்கி வலிக்குதுன்னாரு. அப்பால கை இப்டி ஆய்ப்போச்சு. நான்தான் போவாதேன்னு ஊட்ல ஒக்கார வெச்சிக்கினு இருக்கேன். மேஸ்திரி தெனம் வந்து நிக்கிறாரு. குடியால வந்த நோவுன்றாரு. இவுரு குடிக்கிறதே இல்ல."

"பொண்டாட்டி இட்லி வித்துத் துன்றது பேஜாரா கீது சார்" என்றார் ஏழுமலை. "கொட்டாய்ல ஒண்ணும் கஷ்டமில்ல. வாய்தான் எப்பவும் இனிப்பா கீது. சக்கரய வாய்ல போட்டுக்கினாப்ல."

"அந்த மிசினு இன்னா சொல்லுது அய்யரே?" என்றாள் தேசம்மா. "எங்க காத்துல இன்னா கீது? அத்த மட்டும் சொல்லு. கெட்டதுன்னா இவர நான் வுடமாட்டேன். ஒண்ணும் இல்லன்னா அவரு இஷ்டம்."

வரதன் வாயில் தயிர்சாதம். விழுங்கிவிட்டு, "இன்னும் தெரியாதும்மா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கோ" என்று சொல்லி மாடி ஏறினான். ஆராய்ச்சிக்காரனின் பேச்சு இப்படித்தான். ரசமே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மன்றச் செயலாளர் பாஸ்கர் முகம் வெளிறி ஓடி வந்தான். அன்று மாலை மன்றத்தின் ஆண்டு விழா. பட்டிமன்றம் உண்டு. நடுவராக வரவேண்டிய புலவர் வரவில்லை. அவர் ஏறிய பஸ் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் மரத்தடியில் இருந்திருப்பார்.

"சார், நீங்க பத்திரிகைல எழுதறவருன்னு சொன்னாங்க. ஒத்துக்கங்க. இல்லன்னா என் தோல உரிச்சிருவாங்க."

தலைப்பு என்ன என்றேன். போன மாசம் மாடியில் யந்திரம் வந்ததிலிருந்து ஊர் முழுக்க அதே பேச்சாம். அதனால், 'தூசியால் பெரிதும் கெட்டது பட்டணமா, நம் ஊரா?'

ஒத்துக்கொண்டேன். மைக்கைக் கண்டால் மறுக்கத் தெரியாத பிறவி நான். கல்யாண வீட்டில் வாழ்த்துரைக்கு அழைத்தால் தாலி கட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுவேன்.

கூட்டம் நன்றாக இருந்தது. ஷிப்டு முடிந்த ஆட்கள் சைக்கிளோடு நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கம். ஏழுமலை முன் வரிசையில், பக்கத்தில் தேசம்மா. இரண்டு கட்சியும் நன்றாகவே பேசின. ஊர்க் கட்சிக்காரர் ஒருவர் துவைத்த வேட்டி காய்வதற்குள் நிறம் மாறுகிறது என்றார். பட்டணக் கட்சிக்காரர் பாரிமுனையில் நின்று மூக்கைச் சிந்தினால் பேனாவுக்கு மை ஊற்றலாம் என்றார். கடைசியில் நான் எழுந்தேன்.

அன்று நான் பேசியது நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். பட்டணத்துத் தூசியை எடை போட்டாயிற்று, தராசே முனகியது என்றேன். சிரித்தார்கள். உங்கள் தூசியை வைத்தால் தட்டு இறங்கவே இல்லை, 'வைத்தீர்களா, இல்லையா' என்று தராசு கேட்டது என்றேன். இன்னும் சிரித்தார்கள். "இந்த ஊரில் ஒருவருக்குக் காற்றே இனிக்கிறதாம். ரேஷன் கடையில் வரிசையில் நிற்காமல் சர்க்கரை கிடைக்கிற ஒரே ஊர் இதுதான்" என்றேன். கூட்டமே அதிர்ந்தது. ஏழுமலையும் சிரித்தார். தன்னை மேடையில் சொன்னதில் அவருக்கு வெட்கம் கலந்த பெருமை.

லாரியில் வரதன் சொன்ன இரண்டாவது பாதி என் நினைவில் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை எது மோசமென்று சொல்ல முடியாது என்ற பாதி. அதை எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டே யோசித்தேன். அதில் சிரிப்பு இல்லை. முடிவுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வரி வந்தால் கைதட்டல் குறைந்துவிடும். விட்டுவிட்டேன். "பட்டணமே கெட்டது. நீங்கள் பயமில்லாமல் மூச்சு விடுங்கள்" என்று தீர்ப்பு சொல்லி உட்கார்ந்தேன். சால்வை போர்த்தினார்கள்.

வரதன் அத்தனை நேரமும் மாடியில் இருந்தான். மைக் செட்டினால் மின்சாரம் ஏறி இறங்கி, யந்திரம் இருமிக்கொண்டிருந்ததாம்.

மறுநாள் காலை கடைக்குப் போனபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

"கொட்டாய்க்குப் போய்ட்டாரு" என்றாள் தேசம்மா. "மேஸ்திரி விடியறதுக்குள்ள வந்துட்டான். மெட்ராஸ்காரரே மைக்குல சொல்லிட்டாரு, இன்னும் இன்னா பயம்னு கேட்டான். நானும் யோசிச்சேன். நீ படிச்சவரு. தெரியாம சொல்வியா?"

என்னிடம் இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் வரதன் கேட்டான்: "என்ன தீர்ப்பு சொன்னேள்?"

"பட்டணம்."

"உள்ளே என்ன இருக்குன்னு இன்னும் தெரியாதுங்கறதைச் சொன்னேளோ?"

"நேரமில்லையடா" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர் திரும்பியதும் ஆசிரியருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். கண்டக்டர், தராசு, ரேஷன் சர்க்கரை எல்லாம் அதில் உண்டு. ஆசிரியர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் அக்கா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"தாளைக் கரைச்சுப் பார்த்தாச்சு, அத்திம்பேர். பாரிமுனைத் தாள்லே பாதிக்கு மேலே வெறும் மண்ணு, ரோட்டுப் புழுதி, கரி, கடல் உப்பு. பெட்ரோல் புகையாலே காரீயமும் கொஞ்சம் இருக்கு. அதுக்கு நற்சான்று கொடுக்கலே நான். ஆனா கும்மிடிப்பூண்டித் தாள்லே இருக்கறதெல்லாம் பெரும்பாலும் காரீயம்தான்."

"எடைதான் கம்மியாச்சே?"

"எடையிலே என்ன இருக்கு? ஒரு மூட்டை உமியும் ஒரு சிட்டிகை பாஷாணமும் ஒண்ணா? அதுவும் இது உருக்கறச்சே ஆவியா எழும்பி, காத்துலே குளிர்ந்து பொடியாறது. உமித் தூசி மாதிரி மூக்கிலே நிக்காது. கண்ணுக்கும் தெரியாது. தும்மினாலும் போகாது. நேரே நுரையீரலுக்குப் போய் ரத்தத்திலே கலந்துடும். வயத்துவலி வரும். நரம்பு செத்து மணிக்கட்டு தொங்கிடும். வாய் இனிக்கும்."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த இட்லிக் கடைக்காரம்மா கேட்டாளே" என்றான் வரதன். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கோன்னு சொன்னேன். அவ பொறுத்துண்டுதான் இருந்தா."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். என்னைத் திட்டியிருந்தால் கோபப்பட எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும்.

மறுநாள் ஆசிரியரிடம் கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். அச்சுக் கோத்தாகிவிட்டது என்றார். கெஞ்சினேன். என் இருபது வருஷ எழுத்தில், ஒன்றைப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் என் எழுத்துக்காக அவரிடம் அப்படிக் கெஞ்சியிருக்கிறார்கள். அன்று மத்தியானமே வரதனும் நானும் மறுபடி கும்மிடிப்பூண்டி போனோம். இந்த முறை எந்த வாகனமும் பழுதாகவில்லை. ஆகியிருந்தால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்தேன்.

தேசம்மா அரிசி அரைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை ஷிப்டில். இப்போது சோறு பிசைந்து ஊட்ட வேண்டியிருக்கிறது என்றாள். வேலையில் உருக்கியதை அள்ளுகிற கரண்டியைத் துணியால் கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறாராம்.

சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. காரீயம், புகை, ரத்தம் என்று உளறினேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் என் பக்கம் திரும்பினார்கள். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர்கள் முகத்தில் சிரிப்பு தயாராகிவிட்டது.

"அன்னிக்கு சக்கரன்னாரு, இன்னிக்கு வெஷம்ன்றாரு" என்றார் ஒருவர். "நாளிக்கு இன்னா சார், வடகறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் முகத்தை அப்படி வைத்துக்கொண்டது அவர்களுக்கு இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது.

தேசம்மா மட்டும் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நெசமா?"

"நிஜம்."

"அன்னிக்குச் சொன்னது?"

"அன்னிக்குப் பாதிதான் சொன்னேன். மீதியும் தெரியும். சொல்லலை."

"ஏன்?"

சிரிப்பு வராது என்பதால் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது அய்யரே? நான் போய்ச் சொன்னா, பொம்பள பயந்துக்கினு சொல்றான்னுவாங்க. இவரு ஒத்தரா? அந்தக் கொட்டாய்ல எத்தினி பேரு கீறாங்க. அன்னிக்கு மைக்குல சொன்னே. இத்தயும் மைக்குல சொல்லு."

பாஸ்கர் மைக் செட்டைத் தூக்கி வந்தான். கொட்டகைச் சந்து முனையில், டீக்கடைக்காரரிடம் கரண்டு கேட்டு இழுத்து, ஒரு முக்காலியைப் போட்டான். சாயங்கால ஷிப்டு விட்டது. சாம்பல் பூத்த தலைகளோடு ஆட்கள் வந்தார்கள். கூட்டம் தானாகச் சேர்ந்தது. ஏழுமலையும் வந்து நின்றார். வலது கையில் துணிக்கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"உங்கள் காற்றில் காரீயம் இருக்கிறது" என்றேன்.

சிரித்தார்கள்.

"ஈயச் சொம்புல ரசம் வெச்சா மணமா இருக்குமே சார்" என்று ஒரு குரல். "எங்களுக்கு மூக்குலயே ரசம்."

இன்னும் பெரிய சிரிப்பு. அது வெள்ளீயம், இது வேறு என்றேன். அதற்கும் சிரித்தார்கள். வரதன் மைக்கை வாங்கி, துகள், நுரையீரல், நரம்பு என்று பேசினான். யாருக்கும் புரியவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்து நான் எப்போது பேசுவேன் என்று என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக ஜனங்களைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டவன் நான். சிரிப்பை நிறுத்துவது எப்படி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மைக்கைத் திரும்ப வாங்கினேன். "அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் தெரியும். உங்கள் தூசி எடை குறைவு என்பது ஒன்று. அதில் விஷம் இருக்கிறதா என்று இன்னும் தெரியாது என்பது இன்னொன்று. முதலாவதுக்கு நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டாவதுக்குச் சிரிக்க மாட்டீர்கள். அதனால் இரண்டாவதை மறைத்தேன். இந்த ஆள் என் பேச்சைக் கேட்டு வேலைக்குத் திரும்பிப் போனார். அவர் கையைப் பாருங்கள்."

பார்த்தார்கள். ஏழுமலை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் செய்ததற்கு அவர் கூசுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சுலபமாக இல்லை. தேசம்மா போய் அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, துணிக்கட்டை அவிழ்த்தாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் தன் கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எது பொய்யி சார்?" என்றார் மேஸ்திரி. "அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

"அன்றைக்குச் சொன்னது."

"சொல்லிட்டு நீ ரயிலேறிப் போய்டுவே. கொட்டாய மூடிட்டா இவங்க இன்னாத்த துன்றது?"

நான் மைக்கை வரதன் பக்கம் நீட்டினேன். அவன், கொட்டகைக்கு உயரமான புகைபோக்கி, மூக்குக்குக் கவசம், முதலாளிக்கு எழுத்துமூலம் அறிக்கை என்று ஏதோ சொன்னான். எல்லாம் நியாயம்தான், எல்லாம் நாளாகிற விஷயம். ஏழுமலை மெதுவாக என் பக்கம் வந்தார்.

"சார், எனக்காக அல்லாரு எதிர்லயும் அவமானப்பட்டுக்கினியே" என்றார். அவர் அதை நன்றியாகத்தான் சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை முதல் ரயிலில் வரதன் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக முடிவாயிற்று. தேசம்மா கடைக்குள் போய் ஒரு மஞ்சள் பையில் வேட்டியும் சட்டையும் மடித்து வைத்தாள். கூட்டம் கலைந்தது. நான் சட்டைக் காலரைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். சென்னைக்கு ஒரு வண்டி இருந்தது.

"எங்க கெளம்பிட்டே?" என்றாள் தேசம்மா.

"சொல்லியாச்சே."

"இவங்கல்லாம் பகல் ஷிப்டு. அடுத்த ஷிப்டு ஆளுங்க இன்னும் வரல. அன்னிக்கு அவங்களுந்தான் கைதட்டினாங்க."

பாஸ்கர் மைக்கை அணைக்கவில்லை. நான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தேன். சந்தின் அந்தக் கோடியில் சைக்கிள் மணிகள் கேட்டன. ஏழெட்டுப் பேர், தூக்குச் சட்டியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். மைக்கைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்ல, எல்லாருடைய வேகமும் குறைந்தது. சைக்கிளை விட்டு இறங்கும்போதே அவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.